கேமரா இல்லாத இடம்

சாப்பிட்டீர்களா என்றுதான் நீங்கள் முதலில் கேட்டீர்கள், மாஜிஸ்திரேட் அம்மா. எங்கள் பக்கத்திலும் அப்படித்தான். வந்தவர் யார், என்ன சோலியாக வந்திருக்கிறார் என்பதெல்லாம் அப்புறம். சாப்பிட்டேன். இட்லி கொஞ்சம் காய்ந்திருந்தது. குறையாகச் சொல்லவில்லை.

போலீஸ்காரர்களை வெளியே அனுப்பிவிட்டீர்கள். யாராவது அடித்தார்களா, மிரட்டினார்களா என்று கேட்டீர்கள். இல்லை. நான் எதையும் சொல்லியே ஆக வேண்டும் என்பதில்லை, சொன்னால் அது எனக்கு எதிராகவே நிற்கும் என்று நேற்று பொறுமையாக விளக்கி, யோசித்துப் பார்க்க அவகாசமும் கொடுத்தீர்கள். என்னைப் பிடித்த மறுநாளே கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்தியும்விட்டார்கள். சட்டம் ஒரு மனிதனிடம் இவ்வளவு மரியாதையாக நடந்துகொள்ளும் என்று எனக்கு இந்த வயதில்தான் தெரிகிறது. நான் யோசித்துவிட்டேன், அம்மா. சொல்கிறேன்.

என் பெயர் ராக்கையா. காமயகவுண்டன்பட்டிக்கு மேற்கே, மலையைப் பார்த்தாற்போல் எனக்குத் திராட்சைத் தோட்டம் இருக்கிறது. நடுவில் மோட்டார் ரூம். அதை ஒட்டிப் பின்பக்கம் மருந்து மூட்டை வைக்கக் கட்டிய ஓர் அறை. ஜன்னல் கிடையாது. மேலே இரண்டு காற்றுத் துளைகள் மட்டும். மருந்து நாற்றம் வீட்டுக்கு வரக்கூடாது என்று தள்ளிக் கட்டியது. வேறு நோக்கம் எதுவும் அப்போது கிடையாது.

இன்ஸ்பெக்டர் தங்கப்பாண்டி எனக்குப் பழக்கமானது வாய்க்கால் தகராறில். பக்கத்துத் தோட்டத்துக்காரன் மடையை அடைத்துவிட்டான். தாசில்தாரிடம் நடந்து என் செருப்புத்தான் தேய்ந்தது. தங்கப்பாண்டி வந்தார், வரப்பில் நின்று இரண்டு வார்த்தை பேசினார், சாயங்காலம் தண்ணீர் வந்துவிட்டது. அதிலிருந்து என்னை அண்ணே என்பார். கம்பம் சந்தையில் ஜீப்பை நிறுத்தி இறங்கிவந்து பேசுவார். அதை நாலு பேர் பார்ப்பார்கள். எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒருநாள் பந்தலுக்கடியில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தபோது சொன்னார்.

“அண்ணே, கோர்ட்டுல சொல்லி ஸ்டேஷன் பூரா கேமரா மாட்டிட்டாக. ஒருத்தன உக்கார வச்சு நாலு வார்த்த கேக்க முடியல. ஒங்க மருந்து ரூமு சும்மாத்தான கெடக்கு?”

சும்மாத்தான் கிடந்தது. மருந்து மூட்டைகளை மோட்டார் ரூமுக்கு மாற்றினேன். அறையைக் கழுவி விட்டேன்.

முதலில் வந்தவன் மோட்டார் பைக் திருடன். பொழுது சாய்வதற்குள் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்து வந்தவன் ராத்திரி தங்கினான். அதற்கடுத்து ஏலக்காய்த் தோட்டத்துக்கு வேலைக்குப் போன ஒருத்தன். அவன் என்ன திருடினான் என்று கேட்டேன். “திருடலண்ணே, வாய் ஜாஸ்தி” என்றார் இன்ஸ்பெக்டர். அவன் சில நாள் இருந்தான். பிறகு வந்தவர்களைப் பற்றி நான் கேட்பதை விட்டுவிட்டேன். கேட்டால் அவருக்குச் சங்கடம், எனக்கும் சங்கடம். என் வேலை சோறு கொடுப்பது. என் வீட்டுக்காரி கஸ்தூரியம்மாள் கைச்சோறு. நாங்கள் சாப்பிட்டதையே அவர்களும் சாப்பிட்டார்கள். கறி எடுத்த நாளில் கறி.

தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். கடுமையான மருந்து இருக்கிறது, அந்தப் பக்கம் போக வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். அவர்கள் போகவில்லை. தெரிந்து போகாமல் இருந்தார்களா, தெரியாமலா என்பதை அவர்களிடம்தான் கேட்க வேண்டும். ஊரில் ஒருவரும் என்னிடம் வாய்திறந்து கேட்டதில்லை. நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

பிலவேந்திரன் விஷயத்துக்கு வருகிறேன்.

அவன் மலையடிவாரத்துக் கிராமத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தான். என் பந்தலுக்குக் கம்பி கட்டியது அவன்தான். அவன் மனைவி ஞானசெல்வி பல வருஷமாக என் தோட்டத்தில் பழம் வெட்ட வருகிறவள். குலையைக் கையில் ஏந்துகிறபோதே எங்கே சொத்தைப் பழம் இருக்கிறது என்று அவள் விரலுக்குத் தெரிந்துவிடும். இருவரும் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார்கள்.

அவர்கள் ஊருக்கு மேலே கல்குவாரி வந்தது. வெடி வைத்தால் வீட்டுச் சுவர் விரிந்தது. கோயில் மணிக்கூண்டில்கூடக் கீறல் விட்டது. பிலவேந்திரன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு டிப்பர் லாரிக்கு முன்னால் போய் உட்கார்ந்தான். கலெக்டர் வைத்த கூட்டத்தில் எழுந்து பேசினான். என்னிடமும் வந்து, “அண்ணே, நீங்களும் ஒரு வார்த்த வந்து சொல்லுங்க, ஒங்க போர்லயும் தண்ணி கலங்குதுல்ல” என்றான். கலங்கத்தான் செய்தது. அவன் பொய் சொல்கிறவன் இல்லை. நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகாமல் இருந்துகொண்டேன்.

குவாரியை விரிவுபடுத்த அடுத்த கூட்டம் என்று அறிவிப்பு வந்த வாரம், அவனைப் பஸ் ஸ்டாண்டில் வைத்து ஏற்றி என் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். வழக்கு எதுவும் இல்லை.

“கூட்டம் முடியுற மட்டும்தாண்ணே. மேல இருந்து சொல்றாக. ஆளு கலகம் பண்ணாம இருந்தாப் போதும்” என்றார் இன்ஸ்பெக்டர்.

நான் சோற்றை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தபோது பிலவேந்திரன் என்னைப் பார்த்துச் சிரித்தான், அம்மா. காப்பாற்ற ஆள் வந்துவிட்டது என்று நினைத்துவிட்டான். அந்தச் சிரிப்பு எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை. தட்டை வைத்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

ஞானசெல்வி அவனைத் தேடி ஸ்டேஷன் ஸ்டேஷனாக நடந்தாள். எங்கேயும் இல்லை என்றார்கள். வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே, அறுவடைக்கு என் தோட்டத்துக்கே வந்தாள். வராதே என்று எப்படிச் சொல்வது? என்ன காரணம் சொல்வது? அவள் பந்தலுக்கடியில் பழம் வெட்டிக்கொண்டே பக்கத்தில் நிற்கிறவளிடம் பேசுவாள். அவளுக்குக் கணீரென்ற குரல். காற்றுத் துளை வழியாக அது அறைக்குள் போகும்.

மத்தியானம் சோறு கொண்டுபோனபோது பிலவேந்திரன் சுவரில் காதை வைத்து நின்றுகொண்டிருந்தான்.

“அண்ணே, அது செல்விதான?”

“ஆமா.”

“ஒரே ஒரு சத்தம் குடுத்துக்கிறேண்ணே. உசுரோட இருக்கேன்னு தெரிஞ்சாப் போதும் அவளுக்கு.”

நான் நிதானமாக எடுத்துச் சொன்னேன். நீ சத்தம் போட்டால் அவள் ஓடிவருவாள், பார்ப்பாள். பார்த்தவளை அவர்கள் வெளியே விடுவார்களா? அவளையும் எங்காவது கொண்டுபோய் வைப்பார்கள், இப்படி என்னைப் போல ஒருத்தன் தோட்டமாக இருக்குமா என்று சொல்ல முடியாது. அவன் யோசித்தான். பிறகு கேட்கவில்லை. அறுவடை முடிகிற வரை அவள் அந்தப் பக்கம் பேசிக்கொண்டிருப்பாள், அவன் இந்தப் பக்கம் சுவரில் காதை வைத்து நிற்பான். மனைவியின் குரலையாவது அவன் கேட்கட்டும் என்று நான் அவளுக்கு அறையை ஒட்டிய கிழக்குப் பந்தலிலேயே வேலை கொடுத்தேன். இதை நான் இரக்கப்பட்டுத்தான் செய்தேன்.

குவாரிக் கூட்டம் முடிந்தது. பேச ஆள் இல்லாமல் சுருக்கமாகவே முடிந்தது. இன்ஸ்பெக்டர் அவனை விட்டுவிடத்தான் இருந்தார், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் அதற்குள் ஞானசெல்வி மதுரையில் ஒரு வக்கீலைப் பிடித்து ஹைகோர்ட்டில் ஆட்கொணர்வு மனு போட்டுவிட்டாள். பெனிஷா என்று சின்ன வயது வக்கீலம்மா. போலீஸ் தரப்பில், அப்படி ஒருவரை நாங்கள் பிடிக்கவே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். சொன்ன பிறகு ஆளை எப்படி விடுவது?

“இல்லன்னு கோர்ட்டுல சொல்லியாச்சுண்ணே. இப்ப வெளிய விட்டா இத்தன நாளு எங்கடா இருந்தேன்னு ஜட்ஜு கேப்பாக. அவன் தோட்டத்தக் காட்டுவான். ஒங்களையும்ல காட்டுவான்” என்றார்.

நியாயமாகத்தான் பட்டது. இல்லை என்று சொல்லிவிட்டதால் அவன் இல்லாமல் இருக்க வேண்டியதாகிவிட்டது. மனு வாய்தா மேல் வாய்தா போனது. அரசாங்க வக்கீல் அவகாசம் கேட்பார், கொடுப்பார்கள். நடுவில் கோர்ட் விடுமுறை வந்தது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஞானசெல்வி விடியற்காலை பஸ் பிடிப்பாள். ஒருமுறை நானே அவளை என் வண்டியில் பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் இறக்கிவிட்டேன். வழியில் சொன்னாள்:

“புடிச்சா ஒரு நாளைக்குள்ள ஜட்ஜுகிட்ட காட்டணுமாம்ணே. கலெக்டரே ஆனாலும் அதான் சட்டமாம். வக்கீலம்மா சொன்னாக. நாட்டையே எழுதி வச்ச பொஸ்தகத்துல இருக்காம்.”

“அப்படியா ஆத்தா” என்றேன். உண்மையில் எனக்கு அது தெரியாது. போலீஸ் நல்ல மனதோடு செய்கிற காரியம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

கடைசியாகக் கோர்ட் ஓர் உத்தரவு போட்டது. மொட்டைக் கடுதாசி ஒன்று போயிருக்கும் போல. பெனிஷா வக்கீல் அல்லாமல், கோர்ட்டே நியமித்த வேறொரு வக்கீலம்மா, நாகஜோதி என்று பெயர், சந்தேகப்பட்ட இடங்களை நேரில் போய்ப் பார்க்கலாம் என்று உத்தரவு. அவர் கம்பத்தைத் தாண்டிய பிறகுதான் இன்ஸ்பெக்டருக்குத் தகவல் வந்தது. எனக்குப் போன் செய்தார். காவலுக்கு இருந்த போலீஸ்காரரும் நானும் அறையைக் காலி செய்ய வேண்டும். பாய், தட்டு, வாளி எல்லாம் எடுத்து, தரையைக் கழுவிவிட்டோம். ஆளை எங்கே வைப்பது? திராட்சைப் பந்தல் மறைக்கிற இடம் இல்லை. வெளியே வண்டியில் ஏற்றினால் வழியிலேயே எதிர்ப்படுவார்கள்.

சொட்டுநீருக்காகக் கட்டிய தரைத்தொட்டி இருக்கிறது. ஆள் உயரத்துக்கும் மேலே ஆழம். காலையில் பாய்ச்சியது போக அடியில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். ஏணி வைத்து இறக்கினோம். கையில் விலங்கு, வாயில் துண்டு. அவன் முரண்டு பிடிக்கவில்லை. கொஞ்ச நேரம்தான் என்று நான் சொன்னேன், அவன் தலையாட்டினான். ஏணியை எடுத்துவிட்டு இரும்பு மூடியைப் போட்டோம். தோட்டத்தில் போலீஸ் தெரியக்கூடாது என்று அந்தப் போலீஸ்காரர் பின்பாதையில் போய்விட்டார்.

நாகஜோதி வக்கீலம்மா வந்தார். கூடவே ஞானசெல்வியும் இறங்கினாள். ஆளை அடையாளம் காட்ட அவளைக் கூட்டிவந்திருந்தார். என்னைப் பார்த்ததும் அவள் முகம் சுருங்கிவிட்டது.

“மேடம், இங்கன எதுக்கு வந்தோம்? இது எங்க அண்ணன் தோட்டம்ல. நான் தெனமும் வேலைக்கு வர்ற எடம் மேடம்” என்றாள்.

“பார்த்துட்டுப் போயிடலாம்மா. உத்தரவு இருக்கு” என்றார் வக்கீலம்மா.

நான் சாவிக்கொத்தையே அவர் கையில் கொடுத்துவிட்டேன். மருந்து அறையைத் திறந்து பார்த்தார். சுவரைத் தொட்டுப் பார்த்தார். கழுவின ஈரம் ஏன் என்று கேட்டார். மருந்து கொட்டிவிட்டது என்றேன். மோட்டார் ரூமைப் பார்த்தார். பந்தலுக்கடியில் நடந்து பார்த்தார். அப்போதுதான் த்ரீ ஃபேஸ் கரண்ட் வந்தது.

விவசாயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கரண்ட் வந்தால் மோட்டார் தானாக ஓடும்படி ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டிருப்போம். கரண்ட் எப்போது வரும் என்று காத்திருக்க முடியாதல்லவா? போர் மோட்டார் ஓடியது. போர்த் தண்ணீர் நேராகத் தரைத்தொட்டியில்தான் விழும்.

ஸ்டார்ட்டர் எனக்குக் கை எட்டுகிற தூரத்தில் இருந்தது. ஆனால் கரண்டுக்கு நாள் முழுக்க ஏங்குகிற விவசாயி ஒருத்தன், அது வந்த உடனே ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினால் பார்க்கிறவர்களுக்கு என்ன தோன்றும்? வக்கீலம்மாவுக்கு வேண்டுமானால் தெரியாது. ஞானசெல்விக்குத் தெரியும். நான் நிறுத்தவில்லை. அவர்களை உட்காரச் சொல்லி, பழம் கழுவிக் கொடுத்தேன்.

வக்கீலம்மா கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார். இன்ஸ்பெக்டரை எப்படித் தெரியும், இங்கே யார் யார் வருவார்கள் என்று. நான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். ஞானசெல்வி பழத்தைத் தொடவில்லை. எழுந்து நடந்து தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அங்கே தென்னை நிழல் விழும். வேலைக்கு வருகிறவர்கள் தூக்குவாளியை வைக்கிற இடம்.

“அண்ணே, உள்ள என்னமோ டம்மு டம்முன்னு கேக்குது?”

“பைப்புல காத்துத் தள்ளுது ஆத்தா. தண்ணி வாரப்ப அப்படித்தான்.”

அவள் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். பிறகு சரிதான் என்று திரும்பி வந்துவிட்டாள். வேறு யார் சொல்லியிருந்தாலும் அவள் குனிந்து பார்த்திருப்பாள் என்று நினைக்கிறேன். போகும்போது என்னிடம், “தப்பா எடுத்துக்காதீகண்ணே, ஒங்களையும் போயி சந்தேகப்பட்டாக” என்று கும்பிட்டாள். கார் தோப்பைத் தாண்டி மறைகிற வரை நான் பாதையிலேயே நின்றேன்.

அவர்கள் போன பிறகு நடந்ததாக இன்ஸ்பெக்டர் உங்களிடம் சொன்னதும், நான் சி.பி.சி.ஐ.டி.யிடம் முதலில் சொன்னதும் ஒன்றுதான். நான் போய்த் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது, அது ஒரு விபத்து. உடலைப் போலீஸ்காரர்கள் எடுத்துப்போய்க் கால்வாயில் போட்டதற்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை. அது கிடைத்ததும் கோர்ட்டில் சொன்னார்கள். ஆளைக் கொண்டுவந்து காட்டச் சொல்வதுதானே மனு? ஆள் கிடைத்துவிட்டதால் மனுவை முடித்துவைத்தார்கள். பிலவேந்திரன் போலீசுக்குப் பயந்து தலைமறைவாக இருந்து தவறி விழுந்ததாக ஊரிலும் பேசி முடித்தார்கள்.

என் வீட்டுக்காரி நம்பவில்லை. வக்கீலம்மா வந்துபோன அன்று சாயங்காலமே அவளிடம், நாளையிலிருந்து ஒரு ஆள் சோறு குறைத்துப் போடு என்றேன். “அனுப்பிச்சுட்டாகளா?” என்று கேட்டாள். நான் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஏனோ வாய் வரவில்லை. காரியம் முடிந்து, துக்கம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று ஞானசெல்வி வீட்டுக்குப் போனவள் திரும்பி வரவில்லை. எல்லாவற்றையும் அங்கே தரையில் உட்கார்ந்து சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகுதான் சி.பி.சி.ஐ.டி. என்னைத் தேடி வந்தது. இப்போது ஆண்டிபட்டியில் தங்கச்சி வீட்டில் இருக்கிறாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

ஆனால் அவளுக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. இன்ஸ்பெக்டருக்கும் தெரியாது. அதைச் சொல்லத்தான் நானாகக் கேட்டு இங்கே வந்தேன்.

இப்போதெல்லாம் கரண்ட் வந்தால் எனக்கு உடம்பு எழுந்துகொள்கிறது, அம்மா. ஸ்டார்ட்டர் ஒயரை நானே அறுத்துப் போட்டுவிட்டேன். அப்படியும் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்கும். ஓடிப்போய்ப் பார்ப்பேன், ஓடாது. ஜெயிலில் கரண்ட் போய் வரும்போது ஃபேன் சுற்ற ஆரம்பிக்கும். கூட இருக்கிறவர்கள் அப்பாடா என்பார்கள். நான் மட்டும் எழுந்து நின்றுகொண்டிருப்பேன். தண்ணீர் குடித்தால் தொண்டையில் நிற்கிறது. சொல்லிவிட்டால் இறங்கும் என்று தோன்றுகிறது.

கார் போன பிறகு நான் தொட்டி மூடியைத் திறந்தேன். பிலவேந்திரன் உயிரோடுதான் இருந்தான். தண்ணீர் கழுத்துக்கு வந்திருந்தது. முகத்தை அண்ணாந்து வைத்துக்கொண்டு நின்றான். துண்டை விலங்குக் கையாலேயே ஒருவழியாக இழுத்து விட்டிருந்தான்.

“அண்ணே, செல்வி வந்துட்டுப் போனாள்ல? கேட்டேண்ணே.”

“ஆமா.”

“கை குடுங்கண்ணே. மூச்சு முட்டுது. சாமி சத்தியமா ஒங்க பேரச் சொல்ல மாட்டேன். யாரு கேட்டாலும் சொல்ல மாட்டேன்.”

நான் குனிந்து அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் மனதாரத்தான் சொன்னான். அப்போது அவன் அதை நம்பினான். ஆனால் எனக்கு அவனைத் தெரியுமே, அம்மா. பொய் சொல்ல வராத மனிதன். நாளைக்கு மதுரையில் ஒரு ஜட்ஜ் எதிரே நிறுத்தி, எங்கேயப்பா இருந்தாய் என்று அன்பாக ஒரு வார்த்தை கேட்டால் போதும், அவனுக்கு உண்மைதான் வரும். அவன் கெட்டவனாக இருந்திருந்தால் நான் நம்பித் தூக்கிவிட்டிருப்பேன்.

மூடியைப் போட்டேன். மேலே ஒரு கல்லையும் தூக்கி வைத்தேன். மோட்டாரை நிறுத்தவில்லை. உபரித் தண்ணீர் வாய்க்காலில் வழிகிற வரைக்கும் பந்தலுக்கடியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அவ்வளவுதான். இதில் யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை, உங்களிடம் சொல்லவும் சரி, அன்றைக்கும் சரி.

கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள். அப்புறம் ஒன்று. ஞானசெல்வியைக் கோர்ட்டுக்குக் கூப்பிடுவீர்கள் அல்லவா? அவள் தனியாகத்தான் வருவாள், பாவம், துணைக்கு ஆள் இல்லை. நான் வெளியே வந்ததும் ஓர் அண்ணனாக இருந்து அவளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள், அம்மா.